கொல்லும் செல் ஏன் சாவதில்லை?

சளிக் காய்ச்சல் வருகிறது. நாலைந்து நாள் உடம்புவலி, மூக்கடைப்பு, கஞ்சி, மிளகு ரசம். பிறகு ஒரு நாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இத்தகைய காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரை சூட்டையும் வலியையும் குறைக்குமே தவிர வைரஸைத் தொடாது. அப்படியென்றால் வைரஸை ஒழித்தது எது?

ஆன்டிபாடி என்று பலரும் சொல்வார்கள். கொரோனா காலம் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டது. பதில் சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஆன்டிபாடி இரத்தத்திலும் உடல் திரவங்களிலும் மிதக்கிற புரதம். வெளியே அலைகிற வைரஸை அது பிடித்துவிடும். வைரஸோ செல்லுக்குள் புகுந்துதான் பெருகுகிறது. புகுந்த பிறகு செல் சவ்வுக்கு அந்தப் பக்கம் நடப்பது ஆன்டிபாடிக்குப் பெரும்பாலும் எட்டாது. அந்த நிலையில் உடலுக்கு மிஞ்சும் வழி கடுமையானது: வைரஸ் குடியேறிய செல்லையே கொன்றுவிடுவது. தொண்டையின் செல்லானாலும் நுரையீரலின் செல்லானாலும், அது நம்முடைய சொந்தச் செல்.

இந்த வேலைக்கென்றே இரண்டு வகை வெள்ளையணுக்கள் இருக்கின்றன. ஒன்று கொல்லி டி செல், மற்றொன்று இயற்கைக் கொல்லி செல். இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆயுதத்தால் கொல்கின்றன. தமக்குள் சுமந்து திரியும் நச்சுக் குறுமணிகளை, இலக்குச் செல்லை ஒட்டி நின்று, அதன்மீது கொட்டுகின்றன. அந்த நஞ்சு செல் சவ்வில் ஓட்டை போடக்கூடியது. கொல்கிற செல்லுக்கும் சவ்வு உண்டு. அதுவும் அதே இடத்தில், அதே நஞ்சுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. இலக்கு சாகிறது, கொல்லி தப்பி அடுத்த இலக்குக்கு நகர்கிறது. இது எப்படி முடிகிறது என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதலில், கொல்லி செல் எந்தச் செல்லைக் கொல்வது என்று எப்படி அறிகிறது? உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களின் துண்டுகளை இடைவிடாமல் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து காட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கென்று தனிப் புரதங்கள் சவ்வில் இருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லில் வைரஸ் புரதத்தின் துண்டும் அப்படி வெளியே தெரியும். கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஸிங்கர்நாகலும் 1974-இல் வெளியிட்ட எலிச் சோதனைகள் இதற்கு வழி திறந்தன. ஓர் எலியின் டி செல்கள், அதே இன எலியின் வைரஸ் தொற்றிய செல்களைக் கொன்றன. அதே வைரஸ் தொற்றிய வேறு இன எலியின் செல்களைக் கொல்லவில்லை. அதாவது, டி செல் வைரஸை மட்டும் பார்ப்பதில்லை. வைரஸ் துண்டையும், அதை ஏந்திக் காட்டும் தன் உடலின் புரதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சில வைரஸ்களும் புற்றுநோய்ச் செல்களும் அந்தக் காட்டும் புரதத்தையே மறைத்துவிடும். டி செல்லுக்கு அப்போது எதுவும் தெரியாது. அங்கேதான் இயற்கைக் கொல்லி செல் வருகிறது. இருக்க வேண்டிய அடையாளம் இல்லாததையே அது குற்றமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்ஹோமில் கிளாஸ் காரெயும் அவருடைய சகாக்களும் 1986-இல் நிறுவிய கருத்து இது. ஒன்றின் கண்ணில் படாதது மற்றொன்றின் கண்ணில் படும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

இனி, கொலை நடந்ததை ஆய்வாளர்கள் எப்படி அளந்தார்கள் என்று பார்க்கலாம். லொசானில் புரூனரும் சகாக்களும் 1968-இல் விவரித்த முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் புழங்கியது. இலக்குச் செல்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தை ஊட்டுவார்கள். செல்கள் அதை உள்ளே வைத்துக்கொள்ளும். பிறகு கொல்லி செல்களை அவற்றோடு கலந்து சில மணி நேரம் விட்டுவைப்பார்கள். செத்த செல்லின் சவ்வு கிழிந்து குரோமியம் வெளியே கசியும். மேலே நிற்கும் நீரை எடுத்துக் கதிரியக்கத்தை அளந்தால் எவ்வளவு செல் செத்தது என்பது எண்ணாக வந்துவிடும். மேலே சொன்ன கான்பெரா சோதனைகளுக்கும் இந்த முறையே உதவியது.

செல் சாவது தெரிந்தது. எதனால் சாகிறது? கால்சியம் இல்லாத கரைசலில் கொல்லி செல் இலக்கோடு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் கொல்வதில்லை என்பது ஒரு துப்பு. மின்னணு நுண்ணோக்கி இன்னொன்று தந்தது: தாக்கப்பட்ட செல்களின் சவ்வில் வட்ட வட்டமான வளையங்கள். 1983-இல் எக்கார்ட் போடாக்கும் குந்தர் டென்னர்ட்டும் அந்த வளையங்களை விவரித்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பியர் ஹென்கார்ட்டின் குழு, கொல்லும் திறனுள்ள வெள்ளையணுக்களிலிருந்து குறுமணிகளை மட்டும் பிரித்தெடுத்து, கால்சியத்தோடு வேறு செல்கள்மீது விட்டது. செல்கள் செத்தன. கொல்வதற்கு முழுச் செல் தேவையில்லை, குறுமணியின் சரக்கே போதும் என்பது அதோடு உறுதியாயிற்று. 1985-இல் அந்தச் சரக்கிலிருந்து துளையிடும் புரதத்தைத் தனியே பிரித்தார்கள். அதன் பெயர் பெர்ஃபோரின். தமிழில் துளைப்பான் எனலாம்.

பெர்ஃபோரின் தனி மூலக்கூறாக இருக்கும்வரை தீங்கு செய்யாது. சவ்வின்மீது வந்து அமர்ந்ததும் ஏறத்தாழ 20 மூலக்கூறுகள் கைகோத்து வளையமாகின்றன. ஒவ்வொன்றும் தன் உடலின் ஒரு பகுதியை நீட்டிச் சவ்வுக்குள் இறக்குகிறது. 2010-இல் மெல்போர்ன், லண்டன் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டமைப்பின்படி ஓட்டையின் உள்விட்டம் 13 முதல் 20 நானோமீட்டர். சிறிய புரதங்கள் நுழைந்துபோக இந்த அகலம் தாராளம்.

நுழைவது எது? குறுமணியின் இன்னொரு சரக்கான கிரான்ஸைம்கள். இவை புரதத்தை வெட்டும் நொதிகள். மனிதரில் ஐந்து வகை உண்டு. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது கிரான்ஸைம் பி. அது உள்ளே போய், செல்லில் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் காஸ்பேஸ் என்ற நொதிகளை வெட்டி எழுப்புகிறது. எழுந்த காஸ்பேஸ்கள் செல்லை உள்ளிருந்தே பிரித்துப்போடுகின்றன. டிஎன்ஏ துண்டாகிறது, செல் சுருங்கிக் குமிழ் குமிழாகிறது, பக்கத்திலிருக்கும் விழுங்கணுக்கள் வந்து மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. அபாப்டோசிஸ் எனப்படும் திட்டமிட்ட செல் இறப்பு இது. செல் கண்டபடி வெடித்துச் சிதறினால் உள்ளிருக்கும் வைரஸும் சிதறும், சுற்றியுள்ள திசுவும் வீங்கும். ஒழுங்காகச் சாகடிப்பதில் உடலுக்கு லாபம் இருக்கிறது.

ஓட்டை மட்டுமே செல்லைக் கொல்லப் போதாதா என்ற சந்தேகம் வரும். பெர்ஃபோரின் அளவுக்கு மிஞ்சினால் அதுவே கொன்றுவிடும். ஆனால் செல்கள் சவ்வின் கிழிசலை அடைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2013-இல் நுண்ணோக்கியின் கீழ் கண்டபடி, ஓட்டைகள் திறந்து ஓரிரு நிமிடத்துக்குள் இலக்குச் செல் அவற்றை அடைத்துவிடுகிறது. அதற்குள் கிரான்ஸைம் உள்ளே போய்விட்டிருக்கிறது. 1994-இல் வந்த இரண்டு எலிச் சோதனைகள் இந்தப் பங்கீட்டைத் தெளிவாக்கின. பெர்ஃபோரின் மரபணு நீக்கப்பட்ட எலிகளால் ஒரு குறிப்பிட்ட வைரஸை ஒழிக்கவே முடியவில்லை. கிரான்ஸைம் பி நீக்கப்பட்ட எலிகளின் கொல்லி செல்கள் தாக்கியபோது, இலக்கின் டிஎன்ஏ துண்டாவது வெகுவாகத் தாமதப்பட்டது.

இப்போது கொல்லி செல்லின் பாதுகாப்புக்கு வருவோம். நஞ்சைச் சுமக்கும்போதே அது ஏன் சாகவில்லை என்பதற்கான பதில் ஓரளவு எளிது. குறுமணியின் உட்புறம் அமிலத்தன்மை உடையது. பெர்ஃபோரின் சவ்வைப் பற்றக் கால்சியம் வேண்டும். அமிலச் சூழலில் கால்சியம் அதில் ஒட்டாது. எனவே குறுமணிக்குள் நஞ்சு செயலற்றுக் கிடக்கிறது. வெளியே கொட்டியதும் அமிலம் நீர்த்துப்போகிறது, கால்சியம் தாராளமாகக் கிடைக்கிறது, பெர்ஃபோரின் விழித்துக்கொள்கிறது.

அக்கம்பக்கத்துச் செல்கள் தப்புவதற்கு, குறி தவறாமல் கொட்டுவது காரணம். கொல்லி செல் இலக்கைக் கண்டதும் அதன்மீது தன்னை அழுத்திப் பரப்பிக்கொள்கிறது. இரண்டு சவ்வுகளும் நெருங்கும் அந்த இடத்தை நோயெதிர்ப்புச் சந்தி என்று வைத்துக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜில் ஜில்லியன் கிரிஃபித்ஸின் ஆய்வகம் இந்தக் காட்சியை அணு அணுவாகப் படம்பிடித்திருக்கிறது. சாயம் ஏற்றிய அந்தப் படங்களில், முதலில் கொல்லி செல்லின் விளிம்பில் ஆக்டின் இழைகள் அடர்ந்து தெரிகின்றன. சந்தி அமைந்ததும் அதன் நடுவிலிருந்து இழைகள் விலகி வட்டமாக ஒதுங்குகின்றன. செல்லுக்குள் நுண்குழல்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோம் நகர்ந்து வந்து சவ்வைத் தொட்டு நிற்கிறது. குறுமணிகள் நுண்குழல்களின் வழியே அந்த மையத்தை நோக்கி ஓடிவந்து குவிகின்றன. செல்லின் எல்லாப் பக்கமும் சவ்வுதான். ஆனால் கொட்டுவது அந்த ஒரு சிறு வட்டத்தில் மட்டும், இலக்கு நிற்கும் பக்கம் மட்டும்.

இதன் பிறகும் கேள்வி தீரவில்லை. அந்தச் சிறு வட்டத்தில் எதிரெதிரே இரண்டு சவ்வுகள் உண்டே. கொட்டிய நஞ்சுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று தெரியாது. கொல்லி செல்லுக்கு இயல்பிலேயே முழு எதிர்ப்பு இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பியர் கோல்ஸ்டீன் 1974-லேயே, ஒரு கொல்லி டி செல் இன்னொரு கொல்லி டி செல்லுக்கு இலக்கானால் அதுவும் சாகிறது என்று காட்டியிருந்தார். தாக்குகிற நிலையில் இருப்பது பிழைக்கிறது, தாக்கப்படுகிற நிலையில் இருப்பது சாகிறது. ஒரே வகைச் செல்களுக்குள்ளேயே இந்த ஒருவழிப் பாதை.

விளக்கங்கள் பல வந்தன. அவற்றில் பலரும் நம்பியது கத்தெப்சின் பி என்ற நொதியை. குறுமணி திறக்கும்போது இந்த நொதியும் கொல்லியின் சவ்வில் படர்ந்து, தன்மீது விழும் பெர்ஃபோரினை வெட்டிவிடுகிறது என்றது 2002-இல் வந்த ஆய்வு. அழகான விளக்கம். ஆனால் கத்தெப்சின் பி அறவே இல்லாத எலிகளின் டி செல்களைச் சோதித்தபோது அவையும் கொன்றன, கொன்ற பின்னும் பிழைத்தன. அந்த விளக்கம் அதோடு தளர்ந்தது. அறிவியலில் எனக்குப் பிடித்த இடங்கள் இவைதாம். நேர்த்தியான கருத்து ஒன்றை ஒரு நேர்மையான சோதனை ஓரமாக நகர்த்திவிடுகிறது.

2019-இல் மெல்போர்னின் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தில் இலியா வோஸ்கோபோய்னிக்கின் குழு புரதங்களை விட்டுவிட்டுச் சவ்வையே கவனித்தது. செல் சவ்வு என்பது கொழுப்பு மூலக்கூறுகள் அடுத்தடுத்து நின்று அமைந்த இரட்டைப் படலம். எல்லாச் செல்லிலும் அவை ஒரே நெருக்கத்தில் நிற்பதில்லை. பனையோலைத் தடுக்கில் கோணி ஊசி சிரமமில்லாமல் இறங்கும். பத்தமடையில் கோரையை மயிரிழையாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயில் அதே ஊசிக்கு இடுக்கு கிடைப்பது கடினம். கொல்லி டி செல்லின் சவ்வு இரண்டாவது வகை. நெருக்கத்துக்கு ஏற்ப ஒளிரும் நிறம் மாறுகிற சாயத்தைப் பூசிப் பார்த்தபோது, கொல்லியின் சவ்வு இறுக்கமாகவும், சந்தியில் இன்னும் இறுக்கமாகவும் இருந்தது. பெர்ஃபோரினால் அங்கே சரியாகப் பற்றி அமர முடியவில்லை.

தற்செயலாகச் சேர்ந்திருப்பதையும் காரணமாக இருப்பதையும் பிரித்தறிய வேண்டும் அல்லவா? அதற்காக, கொல்லி செல்களின் சவ்வில் 7-கீட்டோகொலஸ்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்து இறுக்கத்தை வேண்டுமென்றே தளர்த்தினார்கள். தளர்ந்த கொல்லி செல்கள் பெர்ஃபோரினுக்குப் பலியாகத் தொடங்கின. இறுக்கம்தான் கவசம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இறுக்கத்தையும் மீறிச் சில பெர்ஃபோரின்கள் ஒட்டிவிடலாம். அவற்றுக்கு இரண்டாவது தடுப்பு இருக்கிறது. பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வழக்கமாகச் சவ்வின் உட்புறத்தில் மட்டும் இருப்பது. எதிர்மின்னூட்டம் கொண்டது. நஞ்சைக் கொட்டும் நேரத்தில் கொல்லி செல்லின் சந்திப் பகுதியில் மட்டும் இது வெளிப்புறத்துக்கு வந்துவிடுகிறது. பெர்ஃபோரின் இதன்மேல் விழுந்து ஒட்டும், ஆனால் வளையமாகித் துளைக்க இயலாமல் அங்கேயே முடங்கிவிடும். லண்டனில் பார்ட் ஹூகன்பூமின் குழு அணுவிசை நுண்ணோக்கியால் செயற்கைச் சவ்வுகளைத் தடவிப் பார்த்தது. பாஸ்ஃபாடிடைல்செரின் மிகுந்த பரப்பில் பெர்ஃபோரின் ஒழுங்கற்றுக் குவிந்து கிடந்தது, ஓட்டை இல்லை.

இயற்கைக் கொல்லி செல்லும் இறுக்கத்தையே நம்புகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூ லீயும் ஜோர்டன் ஆரஞ்சும் 2021-இல் கண்டது இது: குறுமணி வந்து சவ்வோடு கலக்கும்போது குறுமணியின் சொந்தச் சவ்வும் செல்லின் சவ்வில் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறுமணிச் சவ்வு மிக இறுக்கமானது. நஞ்சை வெளியே விடும் அதே செயல், நஞ்சு விழக்கூடிய இடத்தை இறுக்கியும் விடுகிறது. இந்த ஆய்வில் கவலை தரும் செய்தியும் உண்டு. கொல்லி செல்லுக்கு எளிதில் மசியாத ஒரு மார்பகப் புற்றுநோய்ச் செல் வகை, தாக்கப்படும் இடத்தில் தன் சவ்வையும் இதேபோல் இறுக்கிக்கொண்டது. சவ்வைத் தளர்த்தியபோது அது கொல்லிக்குப் பணிந்தது. ஆய்வகத் தட்டில் நடந்த சோதனைதான். இருந்தாலும், சிகிச்சைக்கு எந்தத் திசையில் தேடலாம் என்று அது காட்டுகிறது. இந்தியாவில் 2023-இல் ஒப்புதல் பெற்ற கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுகிறார்கள். அந்த டி செல்களும் பெரிதும் நம்பியிருப்பது இந்தக் குறுமணிகளைத்தான்.

இந்த ஏற்பாடு பிறவியிலேயே பழுதாக இருந்தால் என்ன ஆகும்? நோயெதிர்ப்பு குறையும், கிருமி மிகும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது அதைவிட மோசம். ஹீமோஃபேகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எச்எல்எச் என்ற நோயில், குழந்தையின் நோயெதிர்ப்பு மண்டலம் கட்டவிழ்ந்து உடலையே தாக்குகிறது. விடாத காய்ச்சல், மண்ணீரலும் கல்லீரலும் வீங்குதல், இரத்த அணுக்கள் சரிதல். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும். குடும்பங்களில் பரம்பரையாக வரும் இந்த நோயை 1952-இல் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் விவரித்தார்கள். அதற்கு பெர்ஃபோரின் மரபணுப் பழுது ஒரு காரணம் என்பது 1999-இல்தான் தெரிந்தது.

நஞ்சு இல்லாத கொல்லி ஏன் கலகம் விளைவிக்கிறது? கொல்லி செல் இலக்கைக் கொன்ற பிறகுதான் அதை விட்டு விலகுகிறது. கொல்ல முடியாதபோது விலகவும் முடிவதில்லை. மெல்போர்னில் 2015-இல் அளந்தபோது, கொல்ல இயலாத செல்கள் இலக்கோடு ஏறத்தாழ ஐந்து மடங்கு நேரம் ஒட்டிக்கொண்டே நின்றன. நிற்கும் நேரமெல்லாம் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சுரந்துகொண்டே இருந்தன. அந்தச் சுரப்பு விழுங்கணுக்களை வெறிகொள்ளச் செய்கிறது. அவை நல்ல இரத்த அணுக்களையும் விழுங்கத் தொடங்குகின்றன. ஆக, கொல்லும் திறன் என்பது நோயெதிர்ப்பை முடித்துவைக்கும் திறனும்கூட. நம் சளிக் காய்ச்சல் ஒரு நாள் காலையில் இறங்குவதற்கும் இது காரணம்.

பழுது பெர்ஃபோரினில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறுமணியைச் சவ்வுவரை கொண்டுவந்து சேர்க்கும் புரதங்களில் எது கெட்டாலும் இதே நோய் வரலாம். அவற்றுள் ராப்27ஏ என்ற புரதம் கெட்டால் வருவது கிரிசெல்லி நோயின் இரண்டாம் வகை. இந்தக் குழந்தைகளுக்கு முடி வெள்ளி போல் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்தால், சீராகப் பரவியிருக்க வேண்டிய கருநிறமி அங்கங்கே பெரிய கட்டிகளாகத் திரண்டிருப்பது தெரியும். தோலின் நிறமிச் செல் மெலனினைச் சவ்வுக்குக் கொண்டுவந்து முடிக்குக் கொடுக்கவும் அதே ராப்27ஏ தேவை. கொல்லி செல் குறுமணியைக் கொட்டவும் அதுவே தேவை. நிறம் மாறிய ஒரு முடி, உள்ளே ஆயுதம் சிக்கிக்கிடப்பதை வெளியே சொல்கிறது.

இந்தப் பிறவிக் கோளாறுகளில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். இருவரும் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நம் ஊர்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. கொல்லி செல்கள் குறுமணியைச் சரியாக வெளியே விடுகின்றனவா என்பதையே அளந்து பார்க்க முடியும். மருந்தால் கொந்தளிப்பை அடக்கி, பிறகு ஏற்ற கொடையாளரின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை மாற்றிவைத்தால் குணமாக வழியுண்டு. நேரத்தோடு கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் விடவில்லை, வயிறு வீங்குகிறது, அல்லது பிறந்தது முதலே முடி வெள்ளிச் சாம்பலாக இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்திருந்தாலோ, மூத்த குழந்தை ஒன்று இப்படிக் காய்ச்சலில் இறந்திருந்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.